சீடத்துவத்தின் கிரயம்: எதை இழக்க நேரும், யார் இழக்கிறார்கள்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. இயேசுவுக்கு உண்மையுள்ள சீடராக வாழ நினைப்பவர் தம் சொந்த வாழ்க்கையில் எதையெல்லாம் இழக்க நேரும் என்பது ஒன்று. "எனக்கு இதுவரை பெரிய இழப்பு எதுவும் வந்ததில்லை, அப்படியானால் என் விசுவாசம் போலியா?" என்பது இன்னொன்று. கேட்டவரை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதைத் தெளிவுபடுத்தாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரயம் உண்டு. அதை நாம் தேடிப்போய்ச் செலுத்துவதில்லை. ஏதோ ஒரு காரியத்தில் கீழ்ப்படியும்போது அதுவே வந்து வாசலில் நிற்கும். எப்போது வரும், எவ்வளவு கேட்கும் என்பது நம் கையில் இல்லை. பிரசங்கங்களில் அதிகம் கேட்காத ஒன்றும் உண்டு: அந்தக் கிரயத்தின் பெரும்பங்கைப் பல நேரங்களில் சீடர் செலுத்துவதில்லை, அவரோடு வாழ்பவர்கள் செலுத்துகிறார்கள்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் திரளான ஜனங்கள் இயேசுவோடு நடந்து வருகிறார்கள். கூட்டம் சேர்ந்தால் எந்தத் தலைவருக்கும் உச்சி குளிரும். இவரோ திரும்பிப் பார்த்து, வந்த கூட்டத்தைக் கலைப்பதுபோலப் பேசுகிறார். தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் ஒருவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்கிறார். பிறகு இரண்டு உதாரணங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் கையிருப்பு போதுமா என்று முதலில் கணக்குப் பார்ப்பான். அஸ்திபாரத்தோடு நின்றுபோனால் ஊர் சிரிக்கும். பத்தாயிரம் பேரை வைத்திருக்கும் ராஜா, இருபதாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்க்க முடியுமா என்று யோசிப்பான். முடியாதென்றால் எதிரி தூரத்தில் இருக்கும்போதே சமாதானம் பேச ஆள் அனுப்புவான். இரண்டு பேரும் செய்கிற முதல் வேலை உட்காருவது. உணர்ச்சி பொங்க எழுந்து கை தூக்கச் சொல்லும் அழைப்புகளை நிறையக் கேட்டுவிட்டோம். இவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்கிறார்.

குடும்பத்தை வெறுக்க வேண்டும் என்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கைவிட்டவர்களும் உண்டு. மத்தேயு 10ஆம் அதிகாரம் அதே கருத்தை, 'என்னைவிட அதிகமாக நேசிக்கிறவன்' என்று சொல்கிறது. காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லித் தாய் தகப்பனுக்கு உதவாமல் இருந்தவர்களை மாற்கு 7இல் கடுமையாகக் கண்டித்தவரும் இந்த இயேசுதான். சிலுவையில் தொங்கியபடியே தம் தாயை ஒரு சீடனிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். ஆகவே யாருக்கு முதலிடம் என்பதுதான் அந்த வசனத்தின் பேச்சு. பெற்றோரின் மருந்துச் செலவுக்குக் கொடுக்காமல் மாநாட்டுக்குக் காணிக்கை அனுப்புவதற்கு அதில் அனுமதி இல்லை.

சிலுவை என்ற சொல்லும் மிகவும் மலிந்துவிட்டது. முழங்கால் வலி, ஒத்துப்போகாத மருமகள், கெட்டுப்போன வியாபாரம் எல்லாவற்றையும் 'என் சிலுவை' என்கிறோம். இயேசுவின் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது உருவகம் அல்ல. கி.மு. 4இல் பெரிய ஏரோது இறந்தபின் எழுந்த கலகத்தை அடக்க, சீரியாவின் ரோம ஆளுநர் வாருஸ் ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அதைக் கண்ட தலைமுறையும் அவர்களின் பிள்ளைகளும்தான் கலிலேயாவில் இயேசுவின் முன்னால் நின்றார்கள். சிலுவை சுமந்து போகிறவன் நோயாளியும் அல்ல, துரதிர்ஷ்டசாலியும் அல்ல. அரசின் பார்வையில் குற்றவாளி, திரும்பி வராதவன். வியாதியும் வறுமையும் எல்லா மனிதருக்கும் வருகின்றன. அவற்றைப் பொறுமையோடு தாங்குவது பெரிய காரியம். ஆனால் சிலுவை என்பது கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிந்ததால் வந்தது. கீழ்ப்படியாமல் இருந்திருந்தால் வந்திருக்காது.

நம் சொந்த முட்டாள்தனத்தால் வருவதும் சிலுவை அல்ல. பேதுருவின் முதல் நிருபம் 4:15 இதை வேடிக்கையாகவே சொல்லிவிடுகிறது. உங்களில் ஒருவனும் கொலைகாரனாகவோ, திருடனாகவோ, பொல்லாங்கு செய்கிறவனாகவோ, அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபட வேண்டாம் என்கிறார். கொலைகாரனையும் மூக்கை நுழைக்கிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்! அலுவலகத்தில் எல்லோரையும் நியாயந்தீர்த்து, மூக்கறுபட்டு, பிறகு 'சாட்சியாக நின்றேன், பகைத்தார்கள்' என்று சொல்கிறவர்களை அப்போஸ்தலர் அன்றே அறிந்திருந்தார் போலும்.

இன்னும் ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டும். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் 'அது உன் சிலுவை, சுமந்துகொள்' என்று சொல்லும் போதகர் தவறு செய்கிறார். சிலுவையைத் தானே எடுத்துக்கொள்ளும்படி இயேசு சொன்னார்; இன்னொருவர் முதுகில் ஏற்றிவைக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை. ஊழியத்தின் பெயரால் உழைப்பையும் சேமிப்பையும் உறிஞ்சும் தலைவர்களுக்கும் இதே பதில்தான். பிறர் தர வேண்டிய கிரயத்தை நிர்ணயிக்கிறவர் தம் பங்குக்கு என்ன தந்திருக்கிறார் என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

சரி, உண்மையான கிரயம் எப்படி வருகிறது? தேடிப்போனவர்களின் கதையை முதலில் பார்ப்போம். 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப்பு இரத்தசாட்சியாக மரித்ததைப் பற்றி அந்தச் சபையார் எழுதிய நிருபம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் குவிந்துஸ் என்று ஒருவர் வருகிறார். தாமாகவே முன்வந்து, தம்மோடு வேறு சிலரையும் தூண்டி, அதிகாரிகள்முன் போய் நின்றார். தண்டனைக்காக வைத்திருந்த காட்டு மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, அதிகாரிகள் கேட்டபடி பலி செலுத்திவிட்டார். தங்களைத் தாங்களே ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று நிருபம் பச்சையாகவே சொல்கிறது. முதியவரான பொலிகார்ப்பு நண்பர்களின் சொல் கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒளிந்திருந்தார். பிடிபட்டபோது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க நேரம் கேட்டார். பின்வாங்கினவர் ஒளிந்தவர் அல்ல, முந்திக்கொண்டவர்.

பிற்காலத்தில் பெரிய வேத அறிஞரான ஓரிகேனின் இளமைக் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். கி.பி. 202ஆம் ஆண்டையொட்டி அலெக்சாந்திரியாவில் அவருடைய தகப்பன் லியோனிதாஸ் கிறிஸ்தவர் என்பதற்காகக் கைதானார். பதினேழு வயதுகூட நிரம்பாத ஓரிகேன் தானும் போய்ச் சாகத் துடித்தான். அழுது கெஞ்சியும் கேட்காததால், அவன் தாய் அவனுடைய துணிமணிகளையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டாள். பையனால் வீட்டைவிட்டு வெளியே போக முடியவில்லை. தகப்பன் கொல்லப்பட்டார், சொத்து பறிமுதலானது, தாயும் ஏழு பிள்ளைகளும் நிர்க்கதியானார்கள். மூத்தவனான ஓரிகேன் இலக்கணம் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினான். ஒரே நாளில் முடிந்துவிடும் மகிமையான சாவை அவன் விரும்பினான். அவனுக்குக் கிடைத்தது பாடம் நடத்திச் சம்பாதிக்கும் வேலை. இரண்டில் எது கடினம் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாய் சரியாகத்தான் செய்தாள் என்பதில் சந்தேகமில்லை. சபைக்கு ஓரிகேன் என்ற அறிஞர் கிடைத்தது அவளால்தான்.

பெரும்பாலோருக்குக் கிரயம் சிங்கத்தின் வடிவத்தில் வருவதில்லை, காகிதத்தின் வடிவத்தில் வருகிறது. கி.பி. 250ஐ ஒட்டி, ரோமப் பேரரசன் டீசியஸ் எல்லாக் குடிமக்களும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் இப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன். இப்போதும் ஆணையின்படி உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றி, பலியிட்டு, படைத்ததில் உண்டேன். கீழே சான்றளிக்கக் கோருகிறேன். அதன்கீழ் பார்த்த அதிகாரியின் கையொப்பம், தேதி. சில துண்டுகளில் விண்ணப்பித்தவரின் வயதும் உடலில் இருந்த தழும்பும்கூட அடையாளத்துக்காக எழுதப்பட்டிருக்கின்றன. அச்சு அசலாக ஓர் அரசு அலுவலக விண்ணப்பம்.

யாரும் கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்லவில்லை; ஒரு சிட்டிகைத் தூபம், ஒரு கையொப்பம், வீட்டுக்குப் போகலாம். ஆயிரக்கணக்கில் போனார்கள். சிலர் பலியிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 'நான் பலியிடவில்லையே, காகிதம்தானே' என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு கணக்காளரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. வராத சரக்குக்கு வந்ததாக ஒரு ரசீது, போன மாதத் தேதியிட்டு அவர் மேசைக்கு வருகிறது. மேலாளர் கெட்டவர் அல்ல. சிரித்துக்கொண்டே, 'சரக்கு எப்படியும் அடுத்த வாரம் வந்துவிடும், ஒரு முதலெழுத்துப் போடுங்கள்' என்கிறார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே பேசப்படுவதில்லை. அவர் போடமாட்டேன் என்றால் உடனே வேலை போய்விடாது. ஆனால் அடுத்த முக்கியமான கூட்டத்துக்கு அவரை அழைக்கமாட்டார்கள். பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போகும். மதிய உணவு மேசையில் அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு மாறும். 'விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட அவருக்கு இல்லை. ஒத்துழைக்கத் தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். இரத்தசாட்சிகளின் பட்டியலில் இடம்பெறாத இந்த இழப்புதான் பெரும்பாலான சீடர்களுக்கு வருவது.

இனி வீட்டுக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர் ஆஸ்திரியாவின் செயின்ட் ராடகுண்ட் என்ற சிறு கிராமத்து விவசாயி, கத்தோலிக்கர், ஊர்க் கோயிலில் பணிவிடை செய்தவர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்தபோது நடந்த வாக்கெடுப்பில் அந்தக் கிராமத்தில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். ஊர்க்காரர்கள், உறவினர்கள் எல்லோரும் தடுத்தார்கள். லின்ஸ் மறைமாவட்ட ஆயரிடம் போய்க் கேட்டார். குடும்பத்துக்கான கடமையைப் பார், போரின் நியாயத்தை ஆராய்வது உன் பொறுப்பல்ல என்ற பொருளில்தான் அங்கும் ஆலோசனை கிடைத்தது. 1943 மார்ச்சில் படை முகாமுக்குப் போய், ஆயுதமேந்திப் போரிட மறுக்கிறேன் என்று அறிவித்தார். மருத்துவப் பணி தரட்டும், செய்கிறேன் என்றார், அது ஏற்கப்படவில்லை. 1943 ஆகஸ்டு 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36. மணவாழ்வில் மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயது நிறையவில்லை.

அவர் கதை அங்கே முடிகிறது. அவர் மனைவி ஃபிரான்சிஸ்காவின் கதை முடியவில்லை. முதலில் கணவரின் மனத்தை மாற்ற அவரும் முயன்றார். கணவரின் உறுதியைக் கண்டபின் கூடவே நின்றார். கணவரை இப்படிக் 'கெடுத்தது' அவருடைய பக்திதான் என்று ஊரார் அவர்மேல் பழி சுமத்தினார்கள். பண்ணை வேலை, மூன்று பிள்ளைகள், வயதான மாமியார் எல்லாம் அவர் பொறுப்பு. போர் முடிந்தபின்னும் போர்வீரர்களின் விதவைகளுக்குத் தரப்பட்ட ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. நாட்டுக்காகச் சண்டையிட்டுச் செத்தவரின் மனைவி அல்லவே அவர். கணவருக்கு 2007இல் முத்திப்பேறு பட்டம் (கத்தோலிக்கச் சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அளிக்கப்பட்டபோது 94 வயதில் ஃபிரான்சிஸ்கா அந்த விழாவில் இருந்தார். 2013இல் 100 வயதில் இறந்தார். கணவர் செலுத்தியது சில மாதச் சிறையும் ஒரு நாள் மரணமும். மனைவி செலுத்தியது எழுபது ஆண்டுகள்.

மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதால் தேவனுக்கு விரோதமாக நடக்க எனக்கு உரிமை வந்துவிடாது என்ற பொருளில் யேகர்ஸ்டெட்டர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரி என்றே நானும் நம்புகிறேன். ஆயினும் 'நான் கிரயம் செலுத்தினேன்' என்று ஒருமையில் சொல்ல யாருக்காவது தகுதி இருக்கிறதா என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் படித்தபின் யோசிக்க வேண்டியிருக்கிறது. மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் மனைவி லட்சுமிபாய் நிலைகுலைந்து போனார். பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தபின்தான் சேர்ந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் தம் தன்வரலாற்றில் தம் பக்கத்திலிருந்து எழுதினார். இப்படிப்பட்ட எழுத்து அபூர்வம். பெரும்பாலும் சாட்சி சொல்லும் மேடை கணவனுக்கே கிடைக்கிறது.

ஆகவே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது தனியாக உட்காராதீர்கள். வேலையை விடுவதோ, ஊழியத்துக்குப் போவதோ, ஓர் அநியாயத்தை வெளியே சொல்வதோ, எதுவானாலும் அதன் சுமையில் பங்கு ஏற்கப்போகிறவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் சம்மதிக்காவிட்டாலும் கீழ்ப்படிய வேண்டிய நேரங்கள் வரலாம், யேகர்ஸ்டெட்டருக்கு வந்தது. அப்போதும் மறைத்துச் செய்வது வேறு, சொல்லிச் செய்வது வேறு.

பணம், பதவி, உறவு தவிர இன்னும் இரண்டு இழப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று தனிமை. பவுல் தன் கடைசி நிருபத்தில் தேமா தன்னை விட்டுப் போனதைக் குறிப்பிடுகிறார். அதற்கு முந்தைய நிருபங்களில் லூக்காவோடு சேர்த்து வாழ்த்து அனுப்பிய அதே தேமா. முதல் விசாரணையில் ஒருவரும் என்னோடு இருக்கவில்லை என்றும் எழுதுகிறார். 2 கொரிந்தியர் 11இல் அடிகளையும் கப்பற்சேதங்களையும் எண்ணி எழுதியவர், பட்டியலின் முடிவில் வைப்பது சபைகளைக் குறித்துத் தினமும் அழுத்துகிற கவலையைத்தான். மற்றொன்று மன்னிப்பு. இதை யாரும் கிரயக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களை ஏமாற்றியவரைப் பழிவாங்கும் வாய்ப்பு கைக்கு வந்தபின் அதை விட்டுவிடுவது, நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது வாயை மூடிக்கொள்வது — இவற்றுக்கு ரசீதும் இல்லை, கைதட்டலும் இல்லை. என்னைக் கேட்டால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தைவிட இது விலை உயர்ந்தது.

தவறிப்போனவர்கள்? டீசியஸின் காலத்தில் சான்றிதழ் வாங்கியவர்கள் பிறகு அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். சேர்க்கவே கூடாது என்றார்கள் சிலர். கேள்வியே கேட்காமல் உடனே சேர்க்கலாம் என்றார்கள் வேறு சிலர். 251இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பேராயர் சிப்ரியான் தலைமையில் கூடிய சங்கம் நடுவழியில் போனது: மனந்திரும்புதலின் காலத்துக்குப் பின், விழுந்த விதத்தைப் பொறுத்துச் சேர்ப்பது. அந்தச் சிப்ரியானே உபத்திரவத்தின்போது ஒளிந்திருந்தவர். அதற்காக ஏச்சும் கேட்டவர். ஏழு ஆண்டுகள் கழித்து, 258இல், மறுபடி கேள்வி வந்தபோது ஒளியவில்லை, வாளுக்கு இரையானார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இழப்பு வரவில்லை என்பதால் விசுவாசம் போலியாகிவிடாது. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு ஐசுவரியவான், ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினர். யூதருக்குப் பயந்து அந்தரங்கத்தில் சீடனாய் இருந்தார் என்று யோவான் ஒளிக்காமல் எழுதுகிறார். அவருக்கான நேரம், மற்றச் சீடர்கள் ஓடிவிட்ட பிறகு வந்தது. குற்றவாளியாகக் கொல்லப்பட்டவரின் உடலைக் கேட்டுப் பிலாத்துவிடம் துணிந்து போனார். அவருக்கு வயிற்றைக் கலக்கிய பயம் முந்தின நாள்வரை உண்மைதான்; அன்று மாலை போனதும் உண்மைதான்.

ஆனால் ஒரு சோதனை உண்டு. கிரயம் வராமலிருக்கும்படி நானே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேனா? எந்த ரசீது என் மேசைக்கு வரும் என்று தெரிந்து அன்றைக்கு விடுப்பு எடுக்கிறேனா? யாரோடு பேசினால் சிக்கல் வரும் என்று பார்த்து அவரைத் தவிர்க்கிறேனா? இதற்கு இல்லை என்று சொல்ல முடிந்தால் நிம்மதியாக இருங்கள். துன்பத்தைத் தேட வேண்டாம்.

அமைதியான காலத்தில் இருப்பவருக்கு வேறொரு வேலை இருக்கிறது. மாற்கு 10இல் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே என்றபோது, விட்டவன் இப்போது இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளையும் சகோதரரையும் சகோதரிகளையும் தாய்களையும் பிள்ளைகளையும் நிலங்களையும், துன்பங்களோடுகூட, அடைவான் என்கிறார் இயேசு. அந்த நூறு வீடுகள் வானத்திலிருந்து விழப்போவதில்லை. அவை மற்றச் சீடர்களின் வீடுகள். விசுவாசத்துக்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்ணுக்கு ஒரு சபைக் குடும்பம் கதவைத் திறக்காவிட்டால், அந்த வாக்குத்தத்தம் அவளைப் பொறுத்தவரை காற்றில்தான் தொங்கும். ஓநேசிமு என்ற அடிமைக்காகப் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும் என்று பவுல் தன் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். செயின்ட் ராடகுண்டில் அந்த விதவைக்காக அப்படி எழுதிக்கொடுக்க ஊர் முன்வரவில்லை.

உங்களுக்கு வேலையும் வீடும் நிம்மதியும் இருக்கின்றன. அப்படியானால் அந்த ரசீதில் முதலெழுத்துப் போட மறுத்தவர் உங்கள் சபையில் யார் என்று பாருங்கள். இந்த மாத வாடகை எப்படிக் கட்டுகிறார் என்று அவரிடம் கேட்பதற்கு முன்னால், அவர் மனைவி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.